முதல் ரவுண்டு வெடி

ஐந்தாவது முறை நிற்பதற்கு முன்பே என் வீட்டுக்காரர் சட்டசபைத் தேர்தலில் நான்கு முறை நின்று நான்கு முறையும் தோற்றிருந்தார். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. மறைக்கவும் முடியாது. நான்காவது தேர்தலில் வரைந்த அலமாரி படம் எங்கள் தெருமுனைச் சுவரில் இன்னும் முழுதாக அழியவில்லை. சுயேச்சைக்கு மிஞ்சுகிற சின்னம்தானே கிடைக்கும். முதல் தடவை தையல் மிஷின், அடுத்தது கட்டில், அப்புறம் பலாப்பழம், அதற்கப்புறம் அலமாரி. பலாப்பழத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் ஒரு பெண்ணுக்குச் சீர் கொடுத்து அனுப்பலாம் என்று பள்ளிக்கூடத்தில் கூட வேலை செய்யும் டீச்சர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். சிரித்து முடித்துவிட்டு மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போய்விடுவேன். அவர் ஐந்தாவது முறை நின்றபோது என்னால் அந்த அளவுக்குக்கூடச் சிரிக்க முடியவில்லை.

எங்கள் தொகுதியில் ஜெயிப்பவர் எப்போதும் ஒரே ஆள்தான். கட்சி மாறும், கொடி மாறும், பேனரில் அவர் பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நிற்கும் தலைவர் மாறுவார், இவர் மட்டும் மாறமாட்டார். ஆட்சிக்கு வரப்போகிற கட்சி எதுவென்று தெரிந்துகொண்டு அதில் போய்ச் சேர்கிறாரா, இல்லை இவர் போய்ச் சேர்வதால் அது ஆளுங்கட்சி ஆகிறதா என்பது இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபடவில்லை. எதிர்க்கட்சி என்று ஒன்று எங்கள் தொகுதியில் பேருக்கு இருக்கும். தேர்தலுக்குத் தேர்தல் வெளியிலிருந்து யாரையாவது கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவர் வாடகைக்கு வீடு பிடித்து, தோற்று, வீட்டைக் காலி செய்துவிட்டுப் போவார்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புதுச்சேரியில் ஒரு சட்டசபைத் தொகுதி என்பது, எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு பெரிய வார்டு மாதிரிதான். நான் பிறந்தது கனகசெட்டிக்குளம். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு. அந்தப் பக்கத்தில் வாக்கப்பட்ட என் அக்கா அவள் தொகுதி எம்.எல்.ஏ.வை போஸ்டரில்தான் பார்த்திருக்கிறாள். எங்கள் எம்.எல்.ஏ. காதுகுத்துக்கு வருவார், பெட்டிக்கடைத் திறப்புக்கு வருவார், யார் வீட்டுப் பிள்ளை என்ன படிக்கிறது என்று பெயர் சொல்லி விசாரிப்பார். யார் வீட்டில் தனக்கு ஓட்டு விழவில்லை என்பதும் ஏறக்குறைய அவருக்குத் தெரியும். இவ்வளவு சின்ன இடத்தில் ஒருவரை எதிர்த்து நிற்பது, ஒரே வீட்டில் இருந்துகொண்டு சண்டை போடுகிற மாதிரி.

அவரை எதிர்த்துத்தான் என் வீட்டுக்காரர் நின்றார். இவருக்குத் தொழில் லோடு வண்டி ஓட்டுவது. விடியற்காலையில் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார். மீனை இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவிக்கொண்டு தெருவுக்குத் திரும்பினால், அதற்கப்புறம் அது ஊருடைய வண்டி. பிரசவ வலி கண்ட பெண் அதில்தான் போனாள். மூட்டுவலிக்காரர்கள் அரசு ஆஸ்பத்திரிக்கு அதில்தான் போனார்கள். கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்கு விறகு அதில்தான் போனது. முதியோர் பென்ஷனுக்கு எழுதித் தருவது, பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு அலைவது, ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் அவர்தான். இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தெருவே ஒருநாள் சொன்னது, நீங்களே நில்லுங்களேன் என்று. அவரும் நின்றுவிட்டார். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை வேண்டாமென்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். நானும் அப்போது சின்ன வயசு, எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

இப்போது வெடி விஷயத்துக்கு வருகிறேன்.

ஓட்டு எண்ணும்போது பூத் நம்பர் வரிசைப்படிதான் மிஷின்களை எடுப்பார்கள். எங்கள் குப்பத்து பூத்துகள் வரிசையில் முதலில் வரும். அதனால் முதல் சுற்று எண்ணி முடித்ததும் என் வீட்டுக்காரர் முன்னிலையில் இருப்பார். ஒவ்வொரு முறையும் இருந்தார். எங்கள் தொகுதிக்கு மொத்தமே சில சுற்றுகள்தான். இரண்டாவது சுற்றில் நகர்கள் வரும், மாடி வீடுகள் வரும், அவர் பின்னால் போவார். மூன்றாவதில் காணாமலே போய்விடுவார். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதனால் முதல் சுற்று முடிவு வந்த நிமிஷமே எங்கள் தெருவில் சரவெடி போட்டுவிடுவார்கள். தேர்தல் கமிஷன் யாரை ஜெயித்தவர் என்று சொன்னாலும் அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, அதுவரைக்கும் எங்கள் ஆள்தான் எம்.எல்.ஏ. முதல் ரவுண்டு வெடி என்றே அதற்குப் பெயர். பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். டிவியில் அவர் பெயருக்கு நேரே முன்னிலை என்று வரும். அதை ஆள்மாற்றி ஆள் செல்போனில் படம் பிடிப்பார்கள். பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள், தோற்கிறதற்கு வெடி போடுகிற ஊர் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று. செய்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தோம்.

சாயங்காலம் அவர் தோற்றுத் திரும்பிவரும்போது தெருவில் வெடிக் காகிதம் குவிந்து கிடக்கும். அதை மிதித்துக்கொண்டு வருவார். வீட்டு வாசலில் நின்று, நம்ம ஜனம் நம்மளக் கைவிடல என்பார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அடுத்த ஐந்து வருஷம் ஆஸ்பத்திரிக்கும் சுடுகாட்டுக்கும் வண்டி ஓட்டுவார். அவர் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதோ போய்விட்டது. ஐந்தாவது முறை நின்றபோது எனக்கு வேண்டியதெல்லாம் அந்த முதல் சுற்று ஒன்றுதான். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அதுவும் இல்லையென்று ஆனால் அந்த மனுஷனிடம் வேறெதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்த முறை எம்.எல்.ஏ. தரப்பு வேறு மாதிரி வேலை செய்தது. அவருடைய ஆட்கள் மத்தியானப் பொழுதில், ஆண்கள் வலை பின்னிக்கொண்டு கடற்கரையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, வீடு வீடாக வந்தார்கள். மிரட்டவில்லை. உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். அரசாங்க ஆபீஸில் தினக்கூலிக்கு இருக்கும் பையனை விசாரித்தார்கள். விதவைப் பென்ஷன் சரியாக வருகிறதா என்று கேட்டார்கள். எழுந்து போகும்போது, இந்த வாட்டி பூத்து பூத்தா பாக்கப் போறாரு, அவ்ளோதான், என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது எனக்கும் ஒரு வணக்கம் வைத்தார்கள். நானும் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டு அசரவில்லை. மாரியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நம்ம பூத்து நம்ம ஆளுக்கு என்று பஞ்சாயத்தார் கேட்க, எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்றிருந்தேன். தூக்காத கை ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. அதில் யாரும் பொய்க்குத் தூக்கியதாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

ஓட்டு எண்ணும் நாள் கத்திரி வெயில். மீன்பிடித் தடைக்காலம் வேறு, விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை, ஆண்கள் எல்லோரும் தெருவிலேயே இருந்தார்கள். எங்கள் வீட்டு டிவியை வாசலுக்குக் கொண்டுவந்து ஸ்டூல்மேல் வைத்துவிட்டார்கள். சரவெடியைத் தெரு நடுவில் நீளமாக விரித்துப் போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் விடியற்காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு லாஸ்பேட்டைப் பக்கம் ஓட்டு எண்ணும் கல்லூரிக்குப் போய்விட்டார். உள்ளே செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் என் கொழுந்தனார் தடுப்புக்கட்டைக்கு வெளியே நின்று, மைக்கில் சொல்வதைக் கேட்டு எனக்குப் போன் செய்வது வழக்கம்.

மகன் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். அன்றைக்கு லீவு எடுக்கவில்லை. அப்பாவை இதோடு நிறுத்தச் சொல்லும்மா, எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று காலையில் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினான். நீயே சொல்லிக்கொள் என்றேன். எனக்கு அந்த வீட்டில் யாருக்கும் யார் சார்பாகவும் எதையும் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது.

கொழுந்தனார் போன் செய்தபோது நான் சமையலறையில் இருந்தேன். வெளியே தீப்பெட்டியோடு ஒருவர் தயாராக நின்றுகொண்டிருந்தார். நான்தான் கேட்டேன், முதல் சுற்று சொல்லிவிட்டார்களா என்று.

"சொல்லிட்டாங்க அண்ணி. அண்ணன் பின்னாடி இருக்குது."

மொத்தத்தில் பின்னாலா, நம்ம பூத்திலேயேவா என்று கேட்டேன். நம்ம பூத்திலேயேதான் என்றார். போன தடவை விழுந்ததில் பாதிகூட விழவில்லை. அண்ணன் அந்த மேசைப் பக்கத்திலேயே நின்று மிஷினில் நம்பர் வந்ததைப் பார்த்தது என்று நம்ம ஏஜென்ட் வந்து சொன்னார் என்றார். அவர் குரலில் அழுகை இருந்தது. நான் போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன்.

வாசலுக்கு வந்தபோது டிவியிலும் அதுவே வந்துவிட்டிருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த தந்தியைப் படிக்கத் தெரியாதவர்கள் மாதிரி எல்லோரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருவர் எழுந்து, வெயில் ஜாஸ்தியா இருக்குது என்று சொல்லிக்கொண்டு போனார். அவர் பின்னால் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் தெருவில் டிவியும் நானும் சரவெடியும்தான் இருந்தோம். எனக்கு வந்த கோபத்துக்கு அதை நானே கொளுத்தியிருப்பேன். கொளுத்தினால் எம்.எல்.ஏ.வுக்குப் போட்டதாக ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண் பின்கட்டு வழியாக வந்தாள். மீன் கூடை தூக்குகிறவள். அவள் மகளுக்குப் பிரசவ வலி கண்டபோது மழையில் மீன் வண்டியைக் கழுவித் துடைத்து, பாய் விரித்துக் கூட்டிப்போனவர் என் வீட்டுக்காரர். அவள் மகன் ஏதோ ஒரு அரசாங்க ஆபீஸில் தினக்கூலி. கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளாகத்தான் சொன்னாள்.

"எல்லாரும் அண்ணனுக்குத்தான் போடுவாங்கன்னு நெனச்சேன் டீச்சர். எங்க வூட்டு நாலு ஓட்டு வுழலன்னா இன்னா ஆயிடப்போவுதுன்னு இருந்துட்டேன்."

அவளைப் பார்த்தபோது எனக்கு அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடுத்த நிமிஷம் அடிக்கிற தெம்புகூட இல்லை. அவள் ஒருத்தி இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. பென்ஷன் வீடு அப்படி நினைத்திருக்கும், பட்டா கேட்ட வீடு அப்படி நினைத்திருக்கும். முதல் சுற்று எப்படியும் நம்முடையது, வெடி எப்படியும் வெடிக்கும், அதில் நம் வீட்டு ஓட்டு மட்டும் பிள்ளையின் வேலைக்காகப் போகட்டும் என்று ஒவ்வொரு வீடும் தனித்தனியாக, அடுத்த வீட்டை நம்பி, பொத்தானை அமுக்கிவிட்டு வந்திருக்கிறது. யாரும் அவரைக் கைவிட நினைக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நினைத்துச் செய்திருந்தால் நான் திட்டியாவது இருப்பேன்.

அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். நான் சொல்லப் போவதில்லை, போய்ச் சோறு தின்னு என்று அனுப்பினேன்.

அவர் கடைசிச் சுற்றுவரை இருந்துவிட்டுத்தான் வந்தார். ஜெயித்தவருக்குக் கைகொடுத்துவிட்டு வந்ததாகக் கொழுந்தனார் சொன்னார். வண்டியை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். வெடியை அதற்குள் யாரோ சுருட்டி எடுத்துப் போயிருந்தார்கள். கதவுகள் எல்லாம் பாதி சாத்தியிருந்தன. நான் வாசலில் நின்று அவர் நடந்து வருவதைப் பார்த்தேன். எப்போதும் இரண்டு பக்கமும் பார்த்து, ஆளுக்கொரு வார்த்தை பேசிக்கொண்டு வருகிறவர், அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். வாசலுக்கு வந்து அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

அதற்கப்புறம்தான் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். இழவு வீட்டுக்கு வருகிற மாதிரி, செருப்பை ஓசைப்படாமல் விட்டுவிட்டு வந்தார்கள். அண்ணே, எங்க வூட்டு ஓட்டு ஒங்களுக்குத்தான். மாமா, எங்க அம்மாவத் தூக்கினு போயி ஒங்களுக்குத்தான் போட வெச்சேன். மிஷினில் ஏதோ கோளாறு என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், மேற்குப் பக்கத்து வீடுகள்தான் கவிழ்த்துவிட்டன என்றார். மேற்குப் பக்கத்துக்காரர்கள் வந்து கிழக்குப் பக்கத்தைச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எங்க வூட்ல நாலு ஓட்டும் ஒங்களுக்குத்தான் அண்ணே என்றாள். என் பக்கம் அவள் திரும்பவில்லை. நான் அவளுக்கும் டீ கொடுத்தேன்.

அவர் எல்லோரிடமும், பரவால்ல, இருக்கட்டும் என்றார். ஒருவரையும் மறுத்துப் பேசவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்ததை நான் கவனித்தேன். இவனா, இவளா என்று பார்க்கிறார். இத்தனை வருஷத்தில் அந்தப் பார்வை அவரிடம் இருந்ததில்லை. எம்.எல்.ஏ.விடம் பார்த்திருக்கிறேன். காதுகுத்து வீட்டுக்கு வந்தால் சிரித்துக்கொண்டே அப்படித்தான் பார்ப்பார்.

தெருமுனையில் ஒரு சொல்தா வீடு இருக்கிறது. அங்கே இருக்கும் அம்மாவின் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து செத்துப்போனவர். அந்த அம்மாவுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. பிரெஞ்சுக் குடியுரிமை என்பதால் இங்கே ஓட்டு இல்லை, அங்கே அதிபர் தேர்தலுக்குத்தான் போய்ப் போடுவார். அவரும் ஒரு தூக்கில் சூப் எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அன்று வந்தவர்களில் அவர் ஒருவரிடம்தான் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசினார், முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

விளக்கு வைத்ததும் ஆட்கள் வருவது நின்றது. மகன் வேலை முடிந்து வந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, காலையில் சொன்னதைச் சொல்லாமல் மொட்டை மாடிக்குப் போய்விட்டான். நான் இலை போடவில்லை, தட்டுதான் வைத்தேன். தோற்றாலும் அந்த நாளைக்கு எங்கள் வீட்டில் வஞ்சிரம் வறுப்பது வழக்கம். அன்றைக்குச் செய்யவில்லை. தடைக்காலத்து விலையும் ஒரு காரணம். ரசமும் அப்பளமும்தான். அவர் பேசாமல் பிசைந்து சாப்பிட்டார். நான் எதிரில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன், ஃபேன் ஓடிக்கொண்டிருந்தும்.

சொல்லிவிடலாமா என்று இருந்தது. உங்களை வேண்டாமென்று யாரும் ஓட்டை மாற்றிப் போடவில்லை, எல்லோரும் அடுத்தவனை நம்பிக் கெட்டார்கள் என்று சொல்லலாம். ஆனால் சொன்னால் யார் சொன்னது என்று கேட்பார். வாக்குக் கொடுத்துவிட்டேனே என்பது ஒரு பக்கம், அதைக் கேட்டு அவருக்கு ஆறுதலாக இருக்குமா என்பதும் எனக்குத் தெரியவில்லை. எனக்கே ஆறுதலாக இல்லை. எனக்கு உடம்பெல்லாம் வலித்தது. நாளைக் காலையில் யாராவது ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவார்கள், இவரும் போவார், போகிற வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்திருக்கிறவரைப் பற்றி யோசித்துக்கொண்டே போவார் என்பதை நினைத்தபோது இன்னும் அசதியாக இருந்தது.

பாதிச் சாப்பாட்டில் அவர் கையை நிறுத்தினார். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ எனக்குத்தான போட்ட?"

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் விசிறி கையிலேயே நின்றுவிட்டது. ஐந்து தேர்தலிலும் அவருக்குத்தான் போட்டிருக்கிறேன். தையல் மிஷினைத் தேடிப் போட்டேன், பலாப்பழத்தைத் தேடிப் போட்டேன். இந்த முறை பட்டியலில் கடைசியாக இருந்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடிப் போட்டேன். இதையெல்லாம் சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம். சொல்லச் சொல்ல, வந்துபோனவர்கள் சொன்ன மாதிரியே இருக்கும் என்று தோன்றியது.

போட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொன்னாங்க" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். ஊற்றினேன்.